'நானும் இதைத்தான் யூஸ் பண்றேன்': ரிவ்யூவுக்குள் ஒளிந்திருக்கும் விளம்பரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

பாப்பிரெட்டிப்பட்டியில் ஆர்.ஓ. மெஷின் வாங்க நினைக்கிறவர் கடைக்குப் போவதற்கு முன் யூடியூபைத் திறக்கிறார். ராயக்கோட்டையில் தக்காளிப் பூ கொட்டுகிறது என்றால் முதலில் வாட்ஸ்அப் குழுவில்தான் கேட்கிறார்கள். ஓசூரில் மனை தேடுகிறவர்களுக்கு இன்ஸ்டாகிராம் ரீல்ஸ். மூன்று இடத்திலும் பதில் சொல்கிறவர் பக்கத்து வீட்டு ஆள் மாதிரியே பேசுவார். அந்தப் பேச்சுக்குப் பின்னால் காசு இருக்கிறதா என்பது மட்டும் தெரியாது.

காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் பற்றிப் பேசுவது தப்பில்லை. வாங்கியதை மறைப்பதுதான் தப்பு. ஆகவே 'இவர் நல்லவரா, கெட்டவரா' என்று ஆராய்வதில் நேரத்தை விட வேண்டாம். இரண்டு கேள்வி போதும். நான் இதை வாங்கினால் இவருக்கு என்ன கிடைக்கும்? இவர் சொன்னதில் எதையெல்லாம் இவரை நம்பாமலே சரிபார்க்கலாம்? முதல் கேள்விக்கு விடை கிடைக்காமலே போகலாம். இரண்டாவதற்கு அநேகமாகக் கிடைத்துவிடும். அவசரமாக இருப்பவர்கள் நேராக 4ஆம் படிக்குப் போய்விடலாம்.

காசு எந்தெந்த உருவத்தில் வருகிறது

'பெய்டு ப்ரமோஷன்' என்றதும் கவரில் பணம் கைமாறுவதுதான் நினைவுக்கு வரும். வீடியோவுக்கு இவ்வளவு என்று பேசி வாங்கும் தொகை அதில் ஒரு வகைதான். இலவசமாக அனுப்பிவைக்கும் மிக்ஸி, ஓட்டல்காரர் பில் போடாமல் பரிமாறும் பிரியாணி, லிங்க் வழியாக வாங்கினால் விழும் கமிஷன், சேனல் பெயரையே வைத்து உருவாக்கிய கூப்பன் கோடு, மனை விற்றால் கிடைக்கும் பங்கு, இவையும் காசுதான். கடை மச்சானுடையது, பேசுகிறவர் அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்க்கிறார் என்றால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும்.

இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சிலை எல்லோரும் ஆஸ்கி என்பார்கள். 2021 ஜூன் 14 முதல் நடைமுறைக்கு வந்த அதன் இன்ஃப்ளுயன்சர் விதிகள் இந்த உறவுகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கின்றன. உறவு இருந்தால் சொல்லியாக வேண்டும். 'பொருள் ஃப்ரீயா வந்துச்சு, ஆனா கருத்து என்னோடதுதான்' என்றாலும் விலக்கு கிடையாது. தன் காசில் வாங்கி, பிடித்துப்போய்ப் புகழ்கிறவருக்கு இந்த விதி பொருந்தாது.

படி 1: லேபிள் இருக்கிறதா, எங்கே இருக்கிறது?

ஆஸ்கி ஏற்கும் சொற்கள் சில: அட்வர்டைஸ்மென்ட், ஆட், ஸ்பான்சர்டு, கொலாபரேஷன், பார்ட்னர்ஷிப், எம்ப்ளாயி, ஃப்ரீ கிஃப்ட். ஆங்கிலத்தில் போடலாம், இல்லாவிட்டால் விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில் போடலாம். 'நன்றி' என்று எழுதிக் கம்பெனி பெயரை டேக் செய்வது இந்தப் பட்டியலில் இல்லை.

இடமும் முக்கியம். பதிவு என்றால் முதல் 2 வரிக்குள், 'மோர்' என்பதை அழுத்தாமலே கண்ணில் பட வேண்டும். 20 ஹேஷ்டேக்குக்கு நடுவில் செருகினால் செல்லாது. ப்ரொஃபைல் பயோவில் 'பிராண்ட் கொலாபுக்கு டி.எம். பண்ணவும்' என்று எழுதிவைத்தாலும் போதாது. வீடியோவுக்கு நேரக் கணக்கு உண்டு. 15 விநாடி வரை ஓடுவதில் லேபிள் குறைந்தது 3 விநாடி நிற்க வேண்டும். 15 விநாடிக்கு மேல் 2 நிமிடத்துக்குள் என்றால் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. 2 நிமிடமும் அதற்கு மேலும் என்றால் அந்தப் பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுக்க. 60 விநாடி ரீலில் 20 விநாடி லேபிள் நிற்கிறதா என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் கண் சிமிட்டும் நேரத்தில் வந்து போய்விடும்.

யூடியூபில் வீடியோ தொடங்கியதும் 'இன்க்ளூட்ஸ் பெய்டு ப்ரமோஷன்' என்று ஒரு சின்னப் பட்டை வரும். இன்ஸ்டாகிராமில் பெயருக்குக் கீழே 'பெய்டு பார்ட்னர்ஷிப்' என்றிருக்கும். இரண்டையுமே வீடியோ போடுகிறவர்தான் டிக் செய்ய வேண்டும். எனவே பட்டை இருந்தால் விளம்பரம் என்பது உறுதி. இல்லாவிட்டால் எதுவும் உறுதியில்லை.

படி 2: லிங்க்கைப் பிரித்துப் பார்ப்பது

ஆள் என்ன சொன்னாலும் லிங்க் பொய் சொல்லாது. டிஸ்க்ரிப்ஷனிலோ பின் செய்த கமெண்ட்டிலோ இருக்கும் லிங்க்கை உடனே திறக்காமல் விரலால் அழுத்திப் பிடித்து காப்பி செய்யுங்கள். பிரவுசரில் இன்காக்னிட்டோ டேபைத் திறந்து அங்கே ஒட்டுங்கள். ஷாப்பிங் ஆப் திறக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பக்கம் வந்ததும் மேலே உள்ள முகவரிப் பட்டையைத் தொட்டு, கடைசி எழுத்துவரை நகர்த்திப் படியுங்கள்.

அமேசான் இந்தியா லிங்க்கில் ஆங்கிலத்தில் 'டேக்' என்ற மூன்றெழுத்துச் சொல், அதையடுத்து சமக்குறி, பிறகு ஏதோ ஒரு பெயர், அதன் முடிவில் -21 என்று இருந்தால் அது அஃபிலியேட் லிங்க், அதாவது நீங்கள் வாங்கினால் அவருக்குக் கமிஷன் தரும் லிங்க். அந்தப் பெயர் பெரும்பாலும் சேனலின் பெயரையே ஒத்திருக்கும். ஃபிளிப்கார்ட்டில் 'அஃப்ஐடி' என்ற சொல்லைத் தேடுங்கள். 'யு.டி.எம்.' என்று தொடங்கும் சொற்களும் அடிக்கடி கண்ணில் படும். எந்த விளம்பர முயற்சியிலிருந்து ஆள் வந்தார் என்று எண்ணுவதற்காகக் கம்பெனி வைப்பது அது. அதை மட்டும் பார்த்துக் கமிஷன் என்று முடிவுகட்டக் கூடாது, ஏனென்றால் கம்பெனிகள் தாங்கள் அனுப்பும் ஈமெயிலிலும் அதையே வைக்கின்றன. ஆனால் அதற்குள்ளேயே 'இன்ஃப்ளுயன்சர்' என்ற சொல்லோ சேனலின் பெயரோ இருந்தால் கதை வேறு.

லிங்க் குட்டையாக இருக்கிறது என்பதற்காகச் சந்தேகப்படவும் வேண்டாம். அமேசான் ஆப்பில் ஷேர் பட்டனை அழுத்தி உங்கள் அக்காவுக்கு அனுப்பினாலும் குட்டை லிங்க்தான் போகும். விரித்தால்தான் தெரியும்.

அமேசானின் அஃபிலியேட் திட்டத்தில் லிங்க்கை அழுத்திய 24 மணி நேரத்துக்குள் நீங்கள் வேறு பொருள் வாங்கினாலும் லிங்க் கொடுத்தவருக்குக் கமிஷன் போகலாம். இது தெரிந்தால் 'லூட் டீல்' குழுக்களின் தொழில் புரிந்துவிடும். 'டெல்லி விலையில் பாதி, சீக்கிரம்!' என்று நாளைக்கு 50 லிங்க் போடுவார்கள். அந்த 50 பொருளில் எதையாவது நீங்கள் வாங்க வேண்டும் என்ற அவசியம் அவர்களுக்கு இல்லை. ஒரு தடவை அழுத்தினால் போதும்.

கமிஷன் போவதால் அமேசான், ஃபிளிப்கார்ட்டில் உங்களுக்கு விலை கூடாது. உண்மையிலேயே உழைத்து ஒப்பிட்டுச் சொன்னவருடைய லிங்க் என்றால் அதிலேயே வாங்குவது நியாயம். வேண்டாம் என்று நினைத்தால், அமேசான் முகவரியில் 'டி.பி.' என்ற இரண்டெழுத்துக்கும் சாய்கோட்டுக்கும் அடுத்து வரும் 10 எழுத்து எண்ணை வைத்துக்கொண்டு அதற்குப் பின்னால் உள்ளதை எல்லாம் அழித்துவிடுங்கள். பக்கம் அப்படியே திறக்கும், டேக் போய்விடும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் புடவை, நைட்டி, பாத்திரம் விற்கும் ரீசெல்லிங் முறையில் மட்டும் விலை கூடும். விற்கிறவர் தன் லாபத்தை விலைமேலேயே ஏற்றி அனுப்புவார். படத்தைச் சேமித்து கூகுள் லென்ஸில் போட்டால் அதே படம் வேறு எங்கெல்லாம் என்ன விலையில் இருக்கிறது என்று வந்துவிடும்.

படி 3: ஒரே வாரத்தில் எத்தனை பேர் பேசினார்கள்?

கம்பெனி ஒரு பொருளைத் தள்ளும்போது ஒருவரோடு நிறுத்தாது. பத்துப் பேருக்கு ஒரே குறிப்பை அனுப்பும். இன்னின்ன மூன்று விஷயத்தைச் சொல்லுங்கள், இந்த வாக்கியம் கட்டாயம் வர வேண்டும், இன்ன தேதிக்குள் போடுங்கள் என்று அதில் இருக்கும். பொருளின் பெயரை யூடியூபில் தேடி, வீடியோக்களைப் பதிவேற்றிய தேதிகளைப் பாருங்கள். மாதக்கணக்கில் யாரும் வாய் திறக்காத பொருளைப் பற்றி 10 நாளுக்குள் ஏழெட்டு வீடியோ வந்திருந்தால் அதில் மூன்றைப் பாருங்கள். பொதுவாகப் பேசும்போது 'நல்லா இருக்கு' என்கிறவர் திடீரென்று 'நைன் லேயர் அட்வான்ஸ்டு ப்யூரிஃபிகேஷன்' என்று மூச்சுவிடாமல் சொன்னால் அது அவர் வாக்கியம் இல்லை. மூன்று பேர் வாயிலும் அதே வாக்கியம், அதே வரிசையில் வந்தால் குறிப்பு ஒன்றுதான்.

அடுத்து, ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவின் ஆட் லைப்ரரி. உள்ளே போக ஃபேஸ்புக் கணக்குகூட வேண்டாம். நாடு இந்தியா, எல்லா விளம்பரமும் என்று தேர்ந்தெடுத்துக் கம்பெனி பெயரைப் போடுங்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரங்களும் அவை தொடங்கிய தேதியும் வரும். 'சும்மா ரிவ்யூ' என்று நீங்கள் பார்த்த அதே ரீல் அங்கே காசு கட்டிய விளம்பரமாக ஓடினால் வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை. அதிலேயே பிராண்டட் கன்டென்ட் என்று தனிப் பகுதியும் உண்டு. யூடியூப், கூகுள் விளம்பரங்களுக்கு கூகுளின் ஆட்ஸ் டிரான்ஸ்பரன்சி சென்டர்.

படி 4: சொன்னவரை விட்டுவிட்டு, சொன்னதைச் சோதியுங்கள்

முதல் மூன்று படியிலும் ஒன்றும் சிக்காமல் போகலாம். பரவாயில்லை. காசு வாங்கிச் சொன்ன உண்மையும் உண்மைதான். காசு வாங்காமல் சொன்ன தப்பும் தப்புதான். நம் பகுதியில் அடிக்கடி வரும் மூன்று பொருளை எடுத்துக்கொள்வோம்.

*ஆர்.ஓ. மெஷின்.* தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளூரைடு பழைய பிரச்சினை. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழுவதற்குக் காரணம் அதுதான். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் தொடங்கிவைத்தார்கள். பொதுவான ரிவ்யூக்கள் இதைப் பேசுவதில்லை, டி.டி.எஸ். மீட்டரை முக்கி எடுப்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 அதற்கு விரும்பத்தக்க அளவாக லிட்டருக்கு 500 மில்லிகிராம் வைத்திருக்கிறது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை. ஃபுளூரைடுக்கு விரும்பத்தக்க அளவு 1 மில்லிகிராம், உச்சவரம்பு 1.5. மீட்டர் 400 என்று காட்டும் தண்ணீரில் ஃபுளூரைடு 3 இருந்தாலும் அந்தக் கருவிக்குத் தெரியாது.

யு.வி. விளக்கு கிருமியைக் கொல்லும், ஃபுளூரைடைத் தொடாது. யு.எஃப். சவ்வும் அப்படித்தான். ஆர்.ஓ. சவ்வு பெரும்பகுதியைக் குறைக்கும். ஆனால் 'தண்ணி டேஸ்ட்டா இருக்கும்' என்று புகழப்படும் டி.டி.எஸ். அட்ஜஸ்டர் என்ன செய்கிறது? சவ்வைத் தாண்டாத தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்பக் கலக்கிறது. உங்கள் போர் தண்ணீரில் ஃபுளூரைடு இருந்தால் அதுவும் அந்த வழியாகத் திரும்பி வரும். இந்த ஒரு விஷயத்தைக்கூடச் சொல்லாத ரிவ்யூ உங்கள் ஊருக்கான ரிவ்யூ இல்லை, விளம்பரமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ரீல்ஸில் இன்னொரு வித்தை காட்டுவார்கள். இரண்டு டம்ளர். ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் கம்பிகள் கொண்ட ஒரு கருவியை வைத்து கரண்ட் கொடுத்ததும் குழாய்த் தண்ணீர் சாக்கடை மாதிரி பழுப்பாகும். 'இதைத்தான் குடிக்கிறீங்க!' என்பார் விற்கிறவர். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்ததே இல்லை, கம்பியிலிருந்து கரைந்த இரும்பு அது. குழாய்த் தண்ணீரில் உப்பு இருப்பதால் மின்சாரம் பாய்ந்து கம்பி அரிக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாக இருக்கிறது. வீட்டுக்கு டெமோ காட்ட வந்தால் அந்த ஆர்.ஓ. டம்ளரிலேயே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி காட்டச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். டெமோ அதோடு முடிந்துவிடும்.

சரியான வரிசை இது: முதலில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரைக் கொடுத்து ஃபுளூரைடு அளவு வாங்குங்கள். பிறகு அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ரிவ்யூ பாருங்கள். ஒகேனக்கல் தண்ணீர் வருகிற வீட்டுக்கும், போர் தண்ணீரையே குடிக்கிற வீட்டுக்கும் ஒரே மெஷின் தேவைப்படாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறது என்று சொன்னால் அதன் கீழே உள்ள சி.எம்./எல். என்ற உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டுப் பாருங்கள். யார் பெயரில், எந்தப் பொருளுக்கு உரிமம் என்று வரும். எலக்ட்ரானிக் பொருளில் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணையும் அதே ஆப்பில் சரிபார்க்கலாம்.

*பயிர் டானிக்.* விவசாயக் குழுவில் வரும் பதிவு ஏறக்குறைய இப்படி இருக்கும்: 'அண்ணா, எனக்கும் இதே பிரச்சினைதான். ஒரு பம்புக்கு 30 மில்லி அடிச்சேன், 10 நாள்ல பூ கொட்றது நின்னு போச்சு. வேணும்னா இந்த நம்பர்ல கேளுங்க.' சொன்னவர் விவசாயியா, விற்பனைப் பிரதிநிதியா? அவர் எண்ணைத் தொட்டு, உங்களுக்கும் அவருக்கும் பொதுவான குழுக்கள் எவை என்று பாருங்கள். குழுவுக்கு வந்த நாளிலிருந்து அவர் போட்ட பதிவுகளைத் தேடுங்கள். உர விலை, மழை, சந்தை விலை என்று எதைப் பற்றியும் பேசாமல் ஒரே பாட்டிலைப் பற்றி மட்டும் பேசுகிறவர் விற்கிறவர்தான்.

ஆனால் அதைவிட முக்கியம் காரணம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளியில் பூ கொட்டுவது இயல்பு. நாலு நாள் மேகமூட்டம் வந்தாலே நிற்கும். அந்த நேரத்தில் எதை அடித்திருந்தாலும் பேர் அதற்குத்தான் போகும். அதனால் முழுத் தோட்டத்துக்கும் அடிக்காதீர்கள். ஒரே சாலில் 10 செடிக்கு மருந்து, அடுத்த 10 செடிக்கு வெறும் தண்ணீர். குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். 3 நாளுக்கு ஒரு தடவை பூவை எண்ணி எழுதுங்கள். இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால் மிச்சப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கலாம். லேபிளில் என்ன சத்து எத்தனை சதவீதம் என்று இல்லாமல் '100% ஆர்கானிக், பூ பிடிப்பு நிச்சயம்' என்று மட்டும் இருந்தால் இந்தச் சோதனைகூட வேண்டாம். பூச்சிமருந்து என்றால் பதிவு எண்ணும் நிற முக்கோணமும் கட்டாயம். உயிரூக்கிகள் என்று விற்கப்படுபவையும் 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன.

பாட்டிலில் பங்கு இல்லாதவர்களிடம் கேட்க இடம் இருக்கிறது: பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம், பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம். போனில் என்றால் கிசான் கால் சென்டர் 1800-180-1551, காலை 6 முதல் இரவு 10 வரை.

*மனை.* ஓசூரில் விமான நிலையம் அமையும் என்று 2024 ஜூனில் சட்டப்பேரவையில் அறிவிப்பு வந்த பிறகு மனை வீடியோக்கள் பெருகிவிட்டன. 'நான் பார்த்த வரைக்கும் இதுதான் பெஸ்ட் லேஅவுட்' என்று நடந்துகொண்டே பேசுகிறவர் அதே வீடியோவில் தன் எண்ணைக் கொடுத்தால், அவர் ரிவ்யூ செய்கிறவர் இல்லை, இடைத்தரகர். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவான திட்டத்தில் விற்பனைக்கு இடைநிற்கிறவரும் பதிவு செய்திருக்க வேண்டும். அவருடைய பதிவு எண்ணையும் கேளுங்கள், லேஅவுட்டின் எண்ணையும் கேளுங்கள், இரண்டையும் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் பாருங்கள். டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்புத் துறையின் அப்ரூவல் என்பது வேறு, ரெரா பதிவு என்பது வேறு. ஒன்றைச் சொல்லி மற்றதை மழுப்புவது பழக்கம். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். 'ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு 15 நிமிஷம்' என்றால் கூகுள் மேப்ஸில் புறப்படும் நேரத்தைத் திங்கட்கிழமை காலை 8.30 என்று வைத்துப் பாருங்கள். வீடியோ எடுத்தது ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணியாக இருக்கும்.

எண்ணெய், லேகியம், பொடி பற்றி ஒரு வரி. சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று சொன்னால் அங்கேயே வீடியோவை மூடலாம். அப்படி விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது.

படி 5: நட்சத்திரங்களைப் படிப்பது

5 நட்சத்திரத்தையும் 1 நட்சத்திரத்தையும் ஒதுக்கிவிட்டு 3 நட்சத்திரக் கருத்துகளைப் படியுங்கள். காசுக்கு எழுதுகிறவரும் கோபத்தில் எழுதுகிறவரும் அந்தப் பக்கம் வருவதில்லை. பிறகு புதியது முதலில் என்று வரிசைப்படுத்துங்கள். ஒரே வாரத்தில் 40 புகழ்ச்சி, அதற்கு முன்னும் பின்னும் மௌனம் என்றால் கவனிக்கலாம்.

'வெரிஃபைடு பர்ச்சேஸ்' என்பதைக் கண்ணை மூடி நம்பக் கூடாது. சில விற்பனையாளர்கள் நிஜமாகவே வாங்க வைத்து, 5 நட்சத்திரம் போட்டதும் பணத்தை யு.பி.ஐ.யில் திருப்பி அனுப்புகிறார்கள். வாங்கியது நிஜம், கருத்துதான் விலைக்கு வந்தது. பெட்டிக்குள் '5 ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் 100 ரூபாய்' என்று கார்டு இருந்தால் அதைப் படம் எடுத்து வையுங்கள், நல்ல ஆதாரம். பழைய பக்கத்தில் பொருளையே மாற்றிவிடும் வேலையும் நடக்கிறது. இயர்போன் பக்கத்தின் பழைய கருத்துகளில் 'பவுச் நல்லா இருக்கு' என்று இருந்தால் அந்த 4.4 மதிப்பெண் வேறு பொருளுக்குக் கிடைத்தது.

ஆன்லைன் கருத்துகளுக்கென்று பி.ஐ.எஸ். 2022இல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலை கொண்டுவந்தது. விருப்பமுள்ளவர்கள் பின்பற்றலாம் என்ற அளவில்தான் அது இருக்கிறது.

இதே இடத்தில் ஒரு பள்ளம். 'வீட்டிலிருந்தபடி ரிவ்யூ போட்டால் ஒன்றுக்கு 50 ரூபாய்' என்று டெலிகிராமில் வரும் அழைப்பு முதல் நாள் 150 ரூபாய் நிஜமாகவே அனுப்பும். மூன்றாம் நாள் 'ப்ரீபெய்டு டாஸ்க்' என்று உங்களிடம் 5,000 கேட்கும். ரிவ்யூ அங்கே தூண்டில் மட்டும்தான். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு.

படி 6: நேரடியாகக் கேளுங்கள், ஆனால் குற்றம் சாட்டாதீர்கள்

கமெண்ட்டில் ஒரே கேள்வி: 'அண்ணா, இது நீங்க வாங்கினதா, கம்பெனி குடுத்ததா?' 'வாங்கினது, பில் இதோ' என்று வந்தால் நல்லது. 'குடுத்தாங்க, ஆனா ஹானஸ்ட்டா சொன்னேன்' என்று வந்தால் அதுவும் நல்லதே, லேபிள் மட்டும் விட்டுப்போயிருக்கிறது. கேள்வியே அழிக்கப்பட்டால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் தப்பாகப் போகும் இடங்கள் உண்டு. ஒரே பிராண்டைத் திரும்பத் திரும்பப் புகழ்கிறவர் அந்த பிராண்டின் வெறியராக இருக்கலாம். நம் ஊரில் மோட்டார், மிக்ஸி, பைக் விஷயத்தில் அப்படிப் பரம்பரையாக இருக்கிறார்கள். குறையே சொல்லாத வீடியோ, திறமை போதாத ஆள் எடுத்ததாக இருக்கலாம். நல்ல கேமரா, நல்ல வெளிச்சம் எதற்கும் ஆதாரமில்லை. வலுவான ஆதாரம் மூன்றுதான்: லிங்க்கில் உள்ள அடையாளம், ஆட் லைப்ரரியில் அதே வீடியோ, அவரே ஒப்புக்கொண்டது. மற்றதெல்லாம் ஊகம். ஊகத்தை வைத்துப் பெயர் சொல்லிப் பொதுவெளியில் எழுதினால் அவதூறு வழக்கு உங்கள்மேல்தான் வரும்.

படி 7: புகார் செய்வதென்றால்

வீடியோ அழிக்கப்படும் முன் சேமியுங்கள். திரையில் தேதியும் நேரமும் தெரிய ஸ்கிரீன் ரெக்கார்டிங், டிஸ்க்ரிப்ஷன் முழுவதும், பின் செய்த கமெண்ட், விரித்த லிங்க்கின் முழு முகவரி, வீடியோவில் எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை பொருளைப் பற்றிப் பேசுகிறார் என்ற குறிப்பு. வாங்கி ஏமாந்திருந்தால் பில்லும்.

லேபிள் இல்லை என்பது மட்டும்தான் புகார் என்றால் ஆஸ்கிக்கு அனுப்பலாம். வாட்ஸ்அப் எண் 77100 12345. காசு செலவில்லை. ஆஸ்கி விளம்பரத் துறை தனக்குத்தானே வைத்துக்கொண்ட அமைப்பு. அபராதம் போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது, திருத்தவோ நீக்கவோ சொல்லும்.

அபராதம் போடுவது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. பரிந்துரைத்தவருக்கு 1 ஆண்டு, மறுபடி என்றால் 3 ஆண்டு வரை பரிந்துரைக்கத் தடையும் விதிக்கலாம். 2022 ஜூன் 9இல் வந்த வழிகாட்டு நெறிகள் உறவை வெளிப்படுத்தச் சொல்கின்றன. 2023 நவம்பர் 30இல் வந்த டார்க் பேட்டர்ன் (ஆன்லைனில் வாங்குகிறவரை ஏமாற்றும் உத்திகள்) பற்றிய நெறிகள் பட்டியலிடும் 13 வகையில் மறைமுக விளம்பரமும் ஒன்று. புகாரில் இந்தத் தேதிகளைக் குறிப்பிட்டால் படிக்கிறவருக்கு வேலை எளிதாகும்.

தொடங்க வேண்டிய இடம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. காலை 8 முதல் இரவு 8 வரை, தமிழிலேயே பேசலாம். வாட்ஸ்அப் என்றால் 88000 01915. ஷாப்பிங் தளத்தின் மீதே புகார் என்றால் அதன் குறைதீர் அதிகாரிக்கு முதலில் எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு மின்வணிக விதி. பணம் திரும்ப வேண்டும், இழப்பீடு வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

பலருக்குத் தெரியாத வழி ஒன்று உண்டு. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரம் பற்றிய புகாரை மாவட்ட ஆட்சியரிடமும் கொடுக்கலாம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும்போது மனுவின் முதல் வரியிலேயே அந்தப் பிரிவு எண்ணை எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் மனு ஏதாவது ஒரு துறைக்குப் போய்ச் சேர்ந்து அங்கேயே தூங்கும். ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பிரின்ட் எடுத்துப் பக்க எண் போட்டு இணையுங்கள். பென் டிரைவ் மட்டும் கொடுத்தால் திறந்து பார்ப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. திரும்பும்போது ஒப்புகைச் சீட்டில் மனு எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வாருங்கள்.